ஆறாவது நிறுத்தம்

உரோமைக்குச் சென்று திரும்பிய நாள் முதலாக எங்களைக் காண்போர் கேட்கும் கேள்வி ஒன்றே: "அவ்வளவு தூரம் எப்படிப் போனீர்கள்? மொழி தெரியாத ஊரில் எப்படிச் சுற்றினீர்கள்?" ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போதும் கேட்கிறார்கள், அரூர்ச் சந்தையில் காய் வாங்கும்போதும் கேட்கிறார்கள். தனித்தனியே விடை கூற எங்களால் இயலாமற் போனமையால், குடும்பத்தார் அனைவரும் கூடிப் படிக்கும் இப்பக்கங்களில் எழுதத் துணிந்தோம்.

'எங்கள்' என்று கூறியது யாரை எனில், தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் சொல்லி ஓய்வு பெற்ற கணவன் மனைவியாகிய எங்கள் இருவரையுமே. எங்களுள் மூத்தவர் கணக்கு ஆசிரியர். இளையவர் தமிழ் ஆசிரியை. பெங்களூரையும் வேளாங்கண்ணியையும் தவிர வேறு தூரதேசம் அறியாதவர்கள்.

உரோமைக்கும் நம் பகுதிக்கும் இடையே உள்ள வழி புதியதன்று. தத்துவபோதகர் என நாம் போற்றும் இராபர்ட் தெ நோபிலி அடிகள் இத்தாலியிலிருந்து கடல் கடந்து வந்து, 1623-ஆம் ஆண்டில் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் ஆகிய இடங்களை அடைந்தார். நம் மாவட்டம் 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது என்பதை மூத்தோர் அறிவர். இங்கிருந்து அங்கே சென்றவர்களும் உண்டு. கேரளத்துக் குருக்களாகிய கரியாட்டில் யோசேப்பு, பாறேம்மாக்கல் தோமா ஆகிய இருவரும் 1778-இல் சென்னைக்கு வந்து கப்பலேறினர். உரோமை சேர அவர்களுக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. திரும்பி வர 1786 ஆகிவிட்டது. அவர்களுள் கரியாட்டில், கோவா வரை வந்து, சொந்த ஊரைக் காணாமலே இறந்தார். மற்றவர் மலையாளத்தில் எழுதி வைத்த 'வர்த்தமானப் புஸ்தகம்' இந்திய மொழிகளில் எழுந்த முதல் பயண நூல் என்பர். அவர்களுக்கு எட்டாண்டு பிடித்த போக்குவரத்தை நாங்கள் பத்து நாட்களில் முடித்தோம் என்று எண்ணும்போது, பெருமையைவிட வெட்கமே மிகுதியாக உண்டாகிறது.

மறைச்சாட்சி தேவசகாயம் 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவிக்கப்படுவார் என்ற செய்தி 2021 நவம்பரில் வந்தது. தமிழ் மண்ணில் பிறந்து, இல்லறத்தில் வாழ்ந்த ஒருவர் புனிதர் நிலைக்கு உயர்வதை இருந்து காண வேண்டும் என்ற ஆசை எங்களைப் பற்றிக்கொண்டது. வீட்டின் முன்கூரையை மாற்றுவதற்கென ஒதுக்கி வைத்திருந்த தொகை இருந்தது. "ஓடு இன்னும் இரண்டு மழை தாங்கும்" என்றார் இளையவர். அத்துடன் முடிவு உறுதியாயிற்று. யாத்திரைக் குழு ஒன்றில் பெயர் கொடுத்தோம்.

இத்தாலிக்குச் செல்ல வேண்டுவது ஷெங்கன் விசா. அந்த ஒரே விசாவைக் கொண்டு இன்று ஐரோப்பாவின் 29 நாடுகளுக்குள் நுழையலாம். ஆறு மாத காலத்துக்குள் 90 நாட்களுக்கு மேற்படாமல் தங்கலாம். கடவுச்சீட்டு, வங்கிக் கணக்குத் தாள், ஓய்வூதியச் சான்று, தங்குமிட உறுதி, திரும்பி வரும் விமானச் சீட்டு, 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு ஆகிய அனைத்தும் காட்ட வேண்டும். அவ்வாண்டில் தடுப்பூசிச் சான்றும் சேர்ந்துகொண்டது. விரல் ரேகை பதிவதற்கு நேரில் சென்னை சென்றாக வேண்டும்.

அவ்வாறு சென்னைக்குப் புறப்பட்ட இரவில் தருமபுரிப் பேருந்து நிலையத்தில் நடந்த ஒன்றை இங்கே கூறியாக வேண்டும். கூறாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை எண்ணினோம். அதைக் கூறாவிடின் பின்னால் வருவது விளங்காது.

நாங்கள் பேருந்துக்காகக் காத்திருந்தபோது, தோளில் ஒரு பையுடன் வடநாட்டு இளைஞன் ஒருவன் எங்கள் அருகில் வந்தான். இருபது வயதிருக்கும். கையில் கசங்கிய தாள் ஒன்று. அதை எங்கள் முன் நீட்டி ஏதோ கேட்டான். காசு கேட்கிறான் என்று எண்ணிய மூத்தவர், தாளைப் பாராமலே, "தெரியாது, போப்பா" என்று கையசைத்து அனுப்பிவிட்டார். அவன் திரும்பும்போதுதான் தாளில் 'ஓசூர்' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது இளையவரின் கண்ணில் பட்டது. அவனோ எதிரே உறுமிக்கொண்டிருந்த சேலம் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தான். வடக்கே போக வேண்டியவன் தெற்கே போகிறான் என்பது எங்கள் இருவருக்குமே தெரிந்தது. எழுந்து பத்தடி நடந்து, நடத்துநரிடம் ஒரு சொல் கூறியிருக்கலாம். அந்நேரம் எங்கள் பேருந்தும் வந்தது. இடம் போய்விடுமே என்று மூட்டைகளை எடுத்துக்கொண்டு ஓடினோம். கிருஷ்ணகிரி தாண்டும் வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு உறங்கிவிட்டோம்.

மே மாதம் பெங்களூரு விமான நிலையத்திலிருந்து புறப்பட்டு, வளைகுடா நாடொன்றில் விமானம் மாறி, உரோமைக்கு அருகில் உள்ள பியூமிச்சினோ நிலையத்தில் இறங்கினோம். அங்கே கோடைக்காலத்தில் கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். குழுவுக்கென ஒரு பேருந்து காத்திருந்தது. தனியே செல்வோர்க்கு விமான நிலையத்துக்குள்ளேயே இரயில் நிலையம் உண்டு. 'லியனார்தோ' விரைவு இரயில் எங்கும் நில்லாமல் 32 நிமிடங்களில் டெர்மினி என்னும் பெரிய நிலையத்தில் சேர்த்துவிடும். டெர்மினி என்றால் முடிவிடம் என்று பொருள்கொள்வோர் உண்டு. உண்மையில் அதன் அருகே இன்றும் இடிந்து நிற்கும் பழைய உரோமைப் பேரரசன் டயோக்ளீஷியனின் வெந்நீர்க் குளியல் மண்டபங்களால் வந்த பெயர் அது. அந்நிலையத்துக்கு அருகில் கன்னியர் மடமொன்றின் விருந்தினர் இல்லத்தில் தங்கினோம். இத்தகைய இல்லங்கள் உரோமையில் பல உள; தூய்மையும் அமைதியும் உடையவை. ஆயினும் இரவில் குறித்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

நகருக்குள் செல்லும் முறை எளிது. பேருந்து, டிராம், நிலத்தடி இரயில் ஆகிய மூன்றுக்கும் ஒரே சீட்டு. நாங்கள் சென்றபோது அதன் விலை ஒன்றரை யூரோ; அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 120 ரூபாய். நம் ஊரில் நகரப் பேருந்தில் கட்டணமின்றிச் செல்லும் இளையவர் அதைக் கேட்டு நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். சீட்டைப் பேருந்திலுள்ள பொறியில் முத்திரையிட்ட பின் 100 நிமிடங்களுக்குள் எத்தனை பேருந்தும் மாறலாம். நிலத்தடி இரயிலுக்கு மட்டும் ஒரு முறையே செல்லும். நிலையத்தை விட்டு வெளியேறினால் மறுபடி புதுச் சீட்டு வேண்டும். முத்திரையிட மறந்தவர், சீட்டு வாங்காதவரைப் போலவே அபராதம் கட்ட நேரும். நிலத்தடித் தடங்கள் ஏ, பி, சி என மூன்று. 'பி' தடம் 1955-லும், 'ஏ' தடம் 1980-லும், 'சி' தடம் 2014-லும் திறக்கப்பட்டன. மண்ணைத் தோண்டும் இடமெல்லாம் பழைய உரோமையின் சுவர்களும் வீடுகளும் வெளிப்படுவதால், அந்நகரில் பாதாளத்தில் பாதை போடுவது எளிதன்று.

நான்கு பெரும் பேராலயங்களையும் இத்தடங்களைக் கொண்டே சுற்றி வரலாம். புனித சின்னப்பர் பேராலயத்துக்கு 'பி' தடத்தில் அவர் பெயராலேயே நிலையம் உண்டு. புனித அருளப்பர் லாத்தரன் பேராலயம் 'ஏ' தடத்தில் சான் ஜோவான்னி நிலையத்துக்கு அருகில். உரோமை மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் இதுவே; இராயப்பர் பேராலயம் அன்று என்பது எங்களுக்கும் புதுச் செய்தி. புனித மரியன்னைப் பேராலயம் டெர்மினியிலிருந்து நடக்கும் தூரமே. அன்று நாங்கள் வாழ்த்தொலி எழுப்பிக் கண்ட திருத்தந்தை பிரான்சிஸ், 2025 ஏப்ரல் 21 அன்று இறைவனடி சேர்ந்து, 26-ஆம் நாள் அப்பேராலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். பேராலயங்களுள் நுழையக் கட்டணம் இல்லை, சோதனை உண்டு. தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளைக்காரர் பலர் வாசலில் துணி தேடித் தவிக்க, எங்கள் சேலையும் வேட்டியும் தடையின்றி உள்ளே சென்றன.

இன்னும் இரண்டு செய்திகள். கூட்டமான பேருந்துகளில், குறிப்பாக டெர்மினியிலிருந்து இராயப்பர் பேராலயப் பக்கம் செல்லும் 64-ஆம் எண்ணில், ஜேப்படிக்காரர்கள் மிகுதி. பணத்தையும் கடவுச்சீட்டையும் உள்ளாடைப் பையில் வைத்தல் நன்று. மற்றொன்று தண்ணீர். தெருத்தோறும் வார்ப்பிரும்புக் குழாய்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வளைந்த குழாயின் வடிவம் நோக்கி 'பெரிய மூக்கு' என்று அவ்வூரார் அழைப்பர். 1874 முதல் அமைக்கப்பட்ட இவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டன. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலேயுள்ள சிறு துளை வழியாக நீர் பீறிட்டு வாய்க்கு நேரே வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்து சேரும்வரை, ஃபுளோரைடு நீர் குடித்துப் பற்கள் பழுப்பேறிய பிள்ளைகளை வகுப்புதோறும் கண்டவர்கள் நாங்கள். காசின்றி ஓடும் அந்தத் தெளிந்த நீரைக் கண்டு சற்று நேரம் நின்றுவிட்டோம்.

இனி மே 15-ஆம் நாளுக்கு வருவோம். உரோமைத் தெருக்களில் பாவியுள்ள கருங்கல் துண்டுகளில் மூன்று நாள் நடந்ததால் இளையவரின் பாதங்கள் வீங்கிவிட்டன. குழுவினர் விடியுமுன் ஐந்து மணிக்கே புறப்பட்டனர். எங்களைச் சற்று ஓய்வெடுத்துவிட்டு வரச் சொல்லி, நுழைவுச் சீட்டைக் கையில் கொடுத்து, குழுத் தலைவர் வழியும் சொன்னார்: "டெர்மினியில் 'ஏ' தடத்தில் ஏறுங்கள். ஆறாவது நிறுத்தத்தில் இறங்குங்கள். ஒட்டாவியானோ என்று பெயர்." பத்து மணிக்குத் திருப்பலி. ஏழு மணிக்கு நாங்கள் கிளம்பினோம். அக்காலத்தில் கட்டாயமாயிருந்த முகக்கவசத்தை அணிந்து, 'ஏ' எழுத்தைக் கண்டு, வந்து நின்ற இரயிலில் ஏறினோம்.

மூத்தவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். மூன்றாவது நிறுத்தத்தில் இளையவர் பெயர்ப் பலகையைப் பார்த்து, "ஏங்க, சான் ஜோவான்னின்னு போட்டிருக்கே. நேற்றுப் பார்த்த அருளப்பர் கோயில் இல்லையா இது? இராயப்பர் கோயில் அந்தப் பக்கம் அல்லவா?" என்றார். "பெயரைப் பார்த்துக் குழம்பாதே, கணக்கு தவறாது" என்றார் கணக்கு ஆசிரியர். ஆறாவது நிறுத்தத்தில் இறங்கிப் படியேறி வெளியே வந்தோம்.

எதிரே இருந்தவை அடுக்குமாடி வீடுகள். கடைகள் மூடிக் கிடந்தன. கன்னியரும் இல்லை, கொடி பிடித்த யாத்திரிகரும் இல்லை. நிலையத்தின் பெயர் ஃபூரியோ கமில்லோ. கணக்கு சரியாகவே இருந்தது, திசைதான் தவறிவிட்டது. 'பத்திஸ்தினி' என்று எழுதிய பக்கம் ஏற வேண்டியவர்கள், 'அனஞ்ஞினா' என்று எழுதிய பக்கம் ஏறியிருந்தோம். இதுவும் அப்போது தெரியவில்லை, பின்னரே விளங்கியது. வழியே சென்ற இருவரிடம் சீட்டைக் காட்டினோம். ஒருவர் தலையசைத்துவிட்டு நடந்தார். மற்றவர் நிற்கவே இல்லை. முன்கூரைப் பணத்தைச் செலவிட்டு, இத்தனை ஆயிரம் மைல் வந்து, கடைசி நாழிகையில் இப்படி ஆயிற்றே என்று இளையவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவ்வேளையில் எங்கள் இருவர் மனத்திலும் ஒன்றாக எழுந்தது, கசங்கிய தாளொன்றை நீட்டிய ஒரு கை. ஒருவருக்கொருவர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டோம்.

சற்றுத் தள்ளி ஒருவர் காய்கனிக் கடையின் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். நம்மவர் போன்ற நிறம். அருகில் சென்று தமிழில் பேசினோம். அவர் வேறு மொழியில் பேசினார். மார்பைத் தொட்டு "பங்களாதேஷ்" என்றார். நாங்கள் "இந்தியா, தமிழ்நாடு" என்றோம். அவர் முகம் மலர்ந்தது. "வேலூர்! வேலூர்!" என்றார். பிறகு "அம்மா" என்று கூறி, நெஞ்சைத் தொட்டுக் காட்டி, கத்தியால் கீறுவதுபோல் விரலை ஓட்டி, இரு கைகளையும் மேலே உயர்த்தினார். வங்கதேசத்தார் பெருந்திரளாக மருத்துவத்துக்கு வேலூர் வருவதை நாம் அறிவோம். அவருடைய அன்னையார் அங்கே அறுவை செய்துகொண்டு நலமாகத் திரும்பியிருக்கிறார் என்று புரிந்துகொண்டோம். நுழைவுச் சீட்டைக் காட்டியதும், "பாப்பா பிரான்செஸ்கோ" என்று சிரித்தார்.

தூக்கிய கதவை மறுபடி இறக்கிப் பூட்டினார். எங்களைக் கீழே அழைத்துச் சென்று, பொறியில் தம் காசைப் போட்டு மூன்று சீட்டுகள் எடுத்தார். நாங்கள் நீட்டிய பணத்தை விலக்கிவிட்டார். எதிர்ப்பக்க இரயிலில் எங்களுடனேயே ஏறினார். டெர்மினி வந்ததும் விடை பெறுவார் என்று நினைத்தோம். உட்காருங்கள் என்று சைகை செய்தார். ஃப்ளமீனியோ என்னும் நிலையம் தாண்டியதும் இரயில் வெளிச்சத்துக்கு வந்து டைபர் ஆற்றுப் பாலத்தில் ஓடியது. அவர் ஆற்றைக் காட்டி ஏதோ சொன்னார். அவருடைய ஊர் ஆற்றைப் பற்றியதாக இருக்கக்கூடும். பன்னிரண்டாம் நிறுத்தமாகிய ஒட்டாவியானோவில் இறங்கி, படியேறி, யாத்திரிகர் வெள்ளம் செல்லும் தெருவைக் காட்டினார். மார்பில் கைவைத்து "சலாம்" என்றார். நாங்கள் கைகூப்பினோம். பெயரைக் கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் படியிறங்கிவிட்டார்.

ஒன்பதே கால் மணிக்குச் சோதனை முடிந்து சதுக்கத்துக்குள் நின்றோம். பேராலய முகப்பில் பத்துப் புனிதர்களின் படங்கள் தொங்கின. அவற்றுள் ஒன்று நம் தேவசகாயத்தின் படம். அவர் வரலாற்றை நாம் பலகால் கேட்டிருக்கிறோம். மாடுகளும் பயிரும் அழிந்து மனம் உடைந்திருந்த நீலகண்டப் பிள்ளைக்கு, யோபுவின் கதையைக் கூறித் தேற்றியவர் யார்? 1741-இல் குளச்சல் போரில் சிறைப்பட்டு, அந்நிய மண்ணில் தங்கிவிட்ட தெ லனாய் என்னும் படைத்தலைவர். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தவர் யார்? இத்தாலியரான புத்தாரி அடிகள். லாசர் என்னும் பெயரின் தமிழ் வடிவே தேவசகாயம். கடவுளின் உதவி என்பது அதன் பொருள். திருத்தந்தை அப்பெயரை வாசித்தபோது தமிழர் கூட்டத்திலிருந்து எழுந்த ஆரவாரத்தில் நாங்களும் கலந்துகொண்டோம். எங்கள் நினைவு பாதி அங்கேயும், பாதி பூட்டிய காய்கனிக் கடை வாசலிலும் இருந்தது.

ஊர் திரும்பிய பின் பேருந்து நிலையத்தை முன்போல் கடந்து செல்ல எங்களால் இயலவில்லை. நம் மாவட்டத்து மக்கள் பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்கின்றனர். கட்டட வேலைக்குச் சென்ற எங்கள் மாணவர் எத்தனையோ பேர், மொழி தெரியாத தெருமுனையில் இப்படி நின்றிருப்பார்கள். அவர்களுக்கும் யாரோ வழி காட்டியிருக்க வேண்டும். எங்கள் அங்காடிப் பையில் இப்போது ஒரு சிறு குறிப்பேடு இருக்கிறது. 'எங்கே', 'இந்தப் பேருந்து', 'அந்தப் பக்கம்', 'உட்காருங்கள்' எனப் பத்துப் பன்னிரண்டு இந்திச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துள்ளோம். மூத்தவரின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காத வடநாட்டுப் பிள்ளை இல்லை. சிரித்தாலும் சரியான பேருந்தில் ஏறுகிறார்கள். கடந்த தைப்பொங்கலுக்கு முன்னாள் ஒருவனை ஓசூர்ப் பேருந்தில் ஏற்றி, நடத்துநரிடமும் சொல்லிவிட்டுத் திரும்பியபோது, எங்கள் ஊருக்கான கடைசிப் பேருந்து போய்விட்டிருந்தது. ஆட்டோவுக்கு 300 ரூபாய் ஆயிற்று. இளையவர் ஒரு சொல்லும் குறை கூறவில்லை.

முதலில் தவறவிட்ட அந்த இளைஞன் சேலத்தில் இறங்கி என்ன செய்தானோ, அறியோம். செபமாலையில் ஒரு பத்து மணியை அவனுக்காக ஒதுக்கியிருக்கிறோம்.

ஆகவே, உரோமைக்கு எப்படிப் போவது என்று கேட்கும் அன்பர்களுக்கு: கடவுச்சீட்டையும் காப்பீட்டையும் முன்கூட்டியே ஆயத்தம் செய்யுங்கள். கல் பாவிய தெருவுக்கு ஏற்ற காலணி வாங்குங்கள். நிறுத்தங்களை எண்ணுமுன் இரயில் செல்லும் திசையைப் பாருங்கள். புறப்படுவதற்கு முன் ஒரு நாள் மாலை நம் தருமபுரிப் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்று, யாரேனும் தாளை நீட்டினால் வாங்கிப் படித்துப் பாருங்கள்.